ஆறாத ஈடு

உப்போடை சப் கோர்ட்டின் ரிக்கார்டு ரூமில் ஒரு ஈடு இட்லி வருஷக்கணக்காக ஆறாமல் கிடந்ததை அந்த ஊர்க்காரர்கள் யாரும் பெரிய அதிசயமாகச் சொல்ல மாட்டார்கள். மேற்கு ஜன்னல் சாத்தாது, பின்பக்கக் குழாயில் தண்ணி வராது, ரிக்கார்டு ரூமில் இருந்த ஈடு ஆறாது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதைக் கட்டினவள் என்ன ஆனாள் என்று கேட்டால்தான் கொஞ்சம் தயங்கி, வெற்றிலையை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒதுக்குவார்கள். அதனால் அவளிடமிருந்தே ஆரம்பிப்போம்.

அவள் பேர் சீனித்தாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டின் வாசலில் கொப்பரையை ஏற்றி, தட்டில் துணி விரித்து, மாவு ஊற்றி, ஒரு ஈடு இறக்கி, அடுத்த ஈடு ஏற்றி, இப்படியே விடிந்து வெயில் ஏறுகிறவரைக்கும் இட்லி விற்கிறவள். புருஷன்காரன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். இருந்தது ஒரே மகள், செண்பகம். அந்தப் பிள்ளையும் ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, தொட்டால் கை பொசுங்குகிற மாதிரி கொதித்து, ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டும் சூடு இறங்காமல் போய்ச் சேர்ந்தது. சின்னப் பிள்ளைகளை எரிக்க மாட்டார்கள் அல்லவா, அந்தத் தெருக்காரர்கள் வழக்கம்போல ஓடைக்கரைப் பொட்டலில் ஒரு புங்க மரத்தடியில் குழி வெட்டி வைத்துவிட்டு வந்தார்கள். அப்போது அந்தப் பொட்டல் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் வந்து என்னுடையது என்று சொல்லவும் இல்லை.

மறுநாளிலிருந்து சீனித்தாய்க்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. முதல் ஈட்டில் முதல் இட்லியை எடுத்து, ஆவி அடங்குமுன் வாழையிலைக் கிழிசலில் வைத்து, பொட்டலுக்கு நடந்து போய் மரத்தடியில் வைத்து, "சூடா இருக்கு, ஊதித் தின்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் வியாபாரம். பஸ் டிரைவர் ஆரன் அடித்தாலும் சரி, போலீஸ்காரர் லத்தியைத் தட்டினாலும் சரி, அதற்கு முன்னால் ஒரு இட்லி வெளியே போகாது. காக்கா தின்றதோ நாய் தின்றதோ, அதையெல்லாம் அவள் நின்று பார்த்ததில்லை. இலை மறுநாள் காலியாக இருக்கும், அது போதும் அவளுக்கு.

அப்புறம் பொட்டலுக்கு உரிமைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ முளைத்து, முளைத்த கையோடு அதைத் தனுஷ்கோடிக்கு விற்றார். தனுஷ்கோடி மரக்கடை வைத்திருந்து மேலே வந்த ஆள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பி, உள்ளே ராஜகாந்தம் மஹால் என்று ஒரு கல்யாண மண்டபத்தைக் கட்டினார். ஒரு நாள் காலையில் சீனித்தாய் இலையும் கையுமாகப் போனபோது இரும்பு கேட்டு போட்டிருந்தது. கேட்டுக்குள் நின்று தனுஷ்கோடி நிதானமாகத்தான் பேசினார்.

"இங்க பாரும்மா, உள்ள அப்படி ஒண்ணும் கெடையாது. பொணம் கெடக்குற எடம்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா எவன் வந்து தாலி கட்டுவான்? நான் ஊரெல்லாம் கடன வாங்கிக் கட்டியிருக்கேன். நீ வேணா வெளிய சுவத்தோரமா ஒரு கல்ல நட்டுக் கும்பிட்டுக்கோ, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"கும்பிடுறதுக்கு அது சாமி இல்லய்யா, எம் புள்ள. அது உள்ளல்ல கெடக்கு," என்றாள் சீனித்தாய்.

வழக்குப் போட்டாள். நிலம் வேண்டாம், மரம் வேண்டாம், தினமும் காலையில் போய் ஒரு இலையை வைத்துவிட்டு வர வழி விட்டால் போதும் என்பதுதான் வழக்கு. கீழ்க்கோர்ட்டில், புதைத்ததற்குப் போதிய சாட்சியம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். குழி வெட்டின இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போயிருந்தார், இன்னொருவருக்குத் தனுஷ்கோடி மஹாலில் விறகு உடைக்கிற வேலை. சீனித்தாய் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனாள். உடனே தனுஷ்கோடியின் வக்கீல் ஒரு மனுவைப் போட்டார்: இந்த அம்மாளுக்குச் சொந்தமாக வீடு வாசல் ஒரு துரும்பும் கிடையாது, நாளைக்கு அப்பீலும் தோற்றுப்போனால் என் கட்சிக்காரர் செய்த செலவை யாரிடம் வாங்குவது, அதனால் முன்கூட்டியே ஜாமீனாக ஏதாவது வைக்கச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இல்லாதவள் வழக்காட வேண்டுமானால் முதலில் இருக்கிறவளாக வேண்டும், அவ்வளவுதான் அதன் அர்த்தம். அந்தச் சமயம்தான் உத்தரவுகளைத் தமிழில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். நீதிபதி நல்ல தமிழில் எழுதினார்: எதிர்த்தரப்பின் செலவுத் தொகைக்காக மேல்முறையீடு செய்தவர் உரிய ஈடு கட்ட வேண்டும், தவறினால் மேல்முறையீடு தள்ளப்படும்.

சேதியைச் சொல்ல வந்தவர் வக்கீல் குமாஸ்தா பிச்சுமணி. நல்ல மனுஷர், ஆனால் எந்நேரமும் ஒரு பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பவர். அன்றைக்கும் ஒரு கால் பஸ் படியில்தான் இருந்தது.

"யக்கா, ஒரு ஈடு கட்டணும்க்கா. கட்டினாத்தான் கேசு நிக்கும். கோர்ட்டு ஆர்டரு."

சீனித்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஒரு ஈடு போதுமா?"

"போதும்க்கா. கோர்ட்டு கேட்டது அம்புட்டுத்தான்."

"எப்பக் கட்டணும்?"

"திங்கக்கெழமதான் கடைசி. காலையில கோர்ட்டு கூடுறதுக்கு முன்னாடி கொண்டாந்துரு, மறந்துறாத," என்றார் பிச்சுமணி, பஸ் கிளம்பிவிட்டது.

அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் வாயில் ஈடு என்றால் ஒரு தடவை கொப்பரையில் வேகிற இட்லி, கட்டு என்றால் பார்சல். இதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. கோர்ட்டில் இருப்பவர்களுக்கும் பசிக்கும்தானே என்று நினைத்தாள், தன் பிள்ளைக்கு ஆகிற காரியத்துக்கு இவ்வளவுதான் கேட்டார்களே என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. திங்கட்கிழமை நல்ல அரிசியாகப் பார்த்து ஊறப்போட்டு ஆட்டியிருந்த மாவில் முதல் ஈடு ஊற்றினாள். இறக்கினாள். அன்றைக்கு மட்டும் அதிலிருந்து ஒன்றைக்கூட எடுக்காமல், கொப்பரையோடு துணியைச் சுற்றிக் கட்டி, இடுப்பில் பிள்ளையை வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தாள்.

கோர்ட்டு ஆபீஸைக் கவனிக்கிற சிரஸ்தார் மங்கையர்க்கரசி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்னம்மா இது?" என்றார்.

"ஈடும்மா. கட்டிட்டு வரச் சொன்னாங்கள்ல."

மங்கையர்க்கரசி உத்தரவை எடுத்து ஒரு தடவை படித்தார். கொப்பரையைப் பார்த்தார், திரும்ப உத்தரவைப் படித்தார். உரிய ஈடு என்றுதான் இருந்தது, என்ன ஈடு என்று இல்லை. இதை ஏற்காவிட்டால் பத்து நிமிஷத்தில் அப்பீல் செத்துப்போகும் என்று அவருக்குத் தெரியும். முத்திரையை எடுத்து மையில் தொட்டு ஒரு சீட்டில் குத்தி, சீட்டைக் கொப்பரைக் காதில் கட்டிவிட்டார்.

கோர்ட்டு கூடியதும் தனுஷ்கோடியின் வக்கீல் எழுந்து குதித்தார். இது ஆகாரம், இது ஜாமீன் ஆகாது, கோர்ட்டைக் கேலி செய்கிற காரியம் என்றார். நீதிபதி அகராதியைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். அதில் இரண்டு அர்த்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. வார்த்தையை விளக்காமல் எழுதியது கோர்ட்டின் பிழை, கோர்ட்டின் பிழைக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டு, கூடவே இதையும் சேர்த்தார்: இந்த ஈடு கெடாமல் இருக்கிற வரைக்கும் மேல்முறையீடு செல்லும், கெட்டுப்போன அன்றைக்கு மேல்முறையீடும் போகும். வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இட்லி எத்தனை நேரம் தாங்கும், சாயங்காலத்துக்குள் முடிந்தது கதை என்று எல்லாரும்தான் நினைத்தார்கள்.

சாயங்காலம் கோர்ட்டு அமீனா மூடியைத் திறந்தார், ஆவி அவர் மூக்குக் கண்ணாடியை மறைத்தது. மறுநாள் காலையில் திறந்தார், அப்படியே இருந்தது. அடுத்த வாய்தாவுக்குத் திறந்தார், அதற்கடுத்த வாய்தாவுக்கும் திறந்தார். "ஈடு சூடா இருக்குங்கய்யா" என்று அவர் சொல்ல, "சரி" என்று நீதிபதி தேதி போட, வழக்கு அடுத்த மாதத்துக்குப் போனது.

கோர்ட்டுக்காரர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள். கொப்பரையை ரிக்கார்டு ரூம் இரும்பு பீரோ மேல் ஏற்றிவைத்தார்கள், ஒரு மாதத்தில் அந்த அறையில் இருந்த கரையான் முழுக்க ஓடிப்போனது. மழைக்காலத்தில் நமுத்துப்போன வழக்குக் கட்டுகளைக் கொப்பரையைச் சுற்றி அடுக்கிக் காயவைத்தார்கள், வக்கீல்கள் நனைந்த கறுப்புக் கோட்டுகளைப் பக்கத்தில் கொடி கட்டிப் போட்டார்கள், டீக்காரர் மூடி மேல் பால் சட்டியை வைத்தார், இறுகிப்போன அரக்கும் பசையும் அங்கேதான் இளகின. தனுஷ்கோடியின் வக்கீலுக்கே சளித்தொல்லை உண்டு. மார்கழி முழுக்க அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்த ஆவியைத்தான் பிடித்தார், பிடித்துவிட்டு வெளியே வந்து அந்த ஈடு செல்லாது என்று வாதாடினார். நீதிபதிகள் மாறினார்கள், பொறுப்பு ஒப்படைக்கும்போது மேஜை, நாற்காலி, கடிகாரத்தோடு சூடான ஈடு ஒன்று என்று சேர்த்துச் சொல்லி ஒப்படைத்தார்கள். கடைத்தெருவில் வாய்ச்சண்டை வந்தால் சீனித்தாய் ஈட்டு மேல் சத்தியம் என்று சொல்கிற பழக்கமும் வந்தது. வேறு சில இல்லாதவர்களும் தங்கள் வழக்குக்கு ஈடு கட்டச் சொன்னபோது கையில் இருந்ததைக் கொண்டுவந்து நின்றார்கள். ஒருவன் பறையைக் கொண்டுவந்தான், ஒருத்தி குட்டி ஈன்ற ஆட்டைக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு உத்தரவுகளில் ரொக்கமாக என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுத ஆரம்பித்தார்கள். சீனித்தாய் நுழைந்த வழி அவளோடு அடைபட்டது.

இந்தச் சூடெல்லாம் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்று கோர்ட்டில் யாரும் யோசிக்கவில்லை. சீனித்தாய்க்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து இரண்டாம் ஈடு ஏற்றினாள். விறகு நன்றாகத்தான் எரிந்தது, தண்ணீர் கொதிக்கவில்லை. புது விறகு வாங்கினாள், கேஸ் அடுப்பு இரவல் வாங்கினாள், எதிர்வீட்டு ஜெயக்கொடியின் அடுப்பிலேயே கொண்டுபோய் வைத்தாள். அவள் கை பட்ட பாத்திரத்துக்குக் கீழே எந்தத் தீயும் வெறும் வெளிச்சம்தான். மாவு மாவாகவே கிடந்து புளித்தது. வாடிக்கைக்காரர்கள் நாலு நாள் பொறுத்தார்கள், அப்புறம் அடுத்த தெருவுக்குப் போனார்கள். அவள் ஒரு ஓட்டலில் மாவாட்டப் போனாள், பழையதையும் பொரியையும் தண்ணீரில் நனைத்துத் தின்றாள், சித்திரை வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள்.

ஜெயக்கொடியின் பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. தற்செயலாக அவள் கை பிள்ளையின் நெற்றியில் பட்டது, காய்ச்சல் இறங்கிப்போனது. அவ்வளவுதான், சேதி பரவி, ஊரில் காய்ச்சல்காரப் பிள்ளைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வரிசையாக உட்கார்ந்தார்கள், அவள் வரிசையாகக் கையை வைத்தாள். பிள்ளைகள் கண்ணைத் திறந்து தண்ணி கேட்டன. தாய்மார்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர்கள் போன பிறகு அவள் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தக் கை அந்த ஐப்பசியில் எங்கே போயிருந்தது என்று அவளுக்கு ஆறவே இல்லை. அழுதாள், கண்ணீர்கூடக் குளிர்ந்துதான் இறங்கியது.

பிச்சுமணி ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து அவள் வாசலில் உட்கார்ந்தார். அவர் பஸ்ஸை விட்டது அதுதான் முதல் தடவை.

"யக்கா, எந் தப்புதான். அன்னைக்கு வெவரமாச் சொல்லியிருக்கணும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அப்பீல வாபஸ் வாங்கிட்டா ஈட்டத் திருப்பிக் குடுத்துருவாங்க. அடுப்புப் பத்தும், நீ பொழச்சுக்கிருவ."

"வாபஸ் வாங்கினா எம் புள்ள அங்க இல்லைன்னு ஆயிரும்ல தம்பி."

"இருக்குதுன்னு நமக்குத் தெரியும்லக்கா. மனச ஆத்திக்கோ."

"எத ஆத்தச் சொல்ற? அது அங்க ஆறாம இருக்குறதாலதான் கேசே இருக்கு. அது ஆறக் கூடாது."

பிச்சுமணி எழுந்தார். போர்வையை இழுத்து அவள் தோளைச் சரியாக மூடிவிட்டுப் போனார்.

தீர்ப்பு வந்த அன்றைக்கு நல்ல வெயில். புதிதாக வந்திருந்த நீதிபதி பழைய வழக்குகளையெல்லாம் முடித்துவிட வேண்டும் என்று இருந்தார். கீழ்க்கோர்ட்டு சொன்னதில் தவறில்லை, புதைத்ததற்குச் சாட்சியம் இல்லை, மேல்முறையீடு செலவுத் தொகையோடு தள்ளப்படுகிறது, கட்டின ஈடு எதிர்த்தரப்புக்குச் சேரும் என்று ஒரே சீராகப் படித்தார். சீனித்தாய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புரிய வைக்க யாரும் வரவேண்டியிருக்கவில்லை. கோர்ட்டுக்காரர்களுக்கும் வருத்தம்தான், சும்மா சொல்லக் கூடாது. இனிமேல் மழைக்கு இந்தக் கட்டுகளை எங்கே காயவைப்பது என்று ரிக்கார்டு ரூம்காரர் கேட்டார், டீக்காரர் பால் சட்டியை எடுத்துக்கொண்டு மூலையில் போய் நின்றார். மங்கையர்க்கரசி ரிட்டயராகிப் போயிருந்தார், அவர் கட்டின சீட்டு மட்டும் கொப்பரைக் காதில் இருந்தது. அமீனா அதை அவிழ்த்தார்.

தனுஷ்கோடிக்குக் கொப்பரையைத் தொடவே பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லப்போனார். ஜெயித்த ஈட்டை வாங்காமல் விட்டால் ஊர் என்ன பேசும், உள்ளே என்னமோ இருக்கிறது, அதான் பயப்படுகிறான் என்று பேசாதா என்று வக்கீல் காதில் ஓதினார். அதனால் ஒரு ஆட்டோவில் வைத்து மஹாலுக்குக் கொண்டுபோனார். பின்னாலேயே நடந்து போனாள் சீனித்தாய். அவள் போய்ச் சேர்வதற்குள் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள், புங்க மரத்தின் உச்சி மட்டும் சுவருக்கு மேல் தெரிகிற இடத்துக்கு. அங்கே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் சுவருக்கு மேல், மரக்கிளைகளுக்கு நடுவே, வெள்ளையாக ஆவி எழும்பி வந்தது.

"உள்ள யாரு?" என்று கேட்டாள்.

"வாட்ச்மேன் மாசாணம். யாரும்மா அது?"

"அந்த இட்லிய எங்கய்யா கொட்டுன?"

"இந்தா, மரத்தடியில எச்சி எல போடுற குழியிலதான். மொதலாளி பின்னால கொண்டுபோய் எங்கயாச்சும் கொட்டச் சொன்னாரு."

எச்சில் இலைக் குழி. இத்தனை கல்யாணத்து இலையும் அவள் பிள்ளை மேல்தான் விழுந்திருக்கிறது. சீனித்தாய் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"சூடா இருந்துச்சா?"

"கை பொசுங்கிருச்சும்மா," என்றார் மாசாணம்.

அவள் நெற்றியைச் சுவரில் வைத்து, "ஊதித் தின்னு" என்றாள். உள்ளே இருந்தவருக்கு அது கேட்கவில்லை. போகிற வருகிறவர்கள் நின்று ஆவியைப் பார்த்தார்கள். அன்றைக்கு உள்ளே ஒரு நிச்சயதார்த்தம், பந்திக்கு என்னமோ வேகிறது என்று நினைத்துப் போய்விட்டார்கள். வெளிச்சம் மங்குகிறவரைக்கும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது, அவளும் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் மெலிந்து, மரத்தின் உச்சியை எட்டாமல், சுவரின் விளிம்பையும் எட்டாமல் போனது.

மறுநாள் விடியலில் பழக்கத்தில் எழுந்தாள், பழக்கத்தில் அடுப்பைப் பற்றவைத்தாள், பழைய கொப்பரை போய்விட்டதால் ஒரு ஈயச் சட்டியில் தண்ணீரை ஊற்றி ஏற்றினாள். வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். சூரியன் எதிர்வீட்டு ஓட்டைத் தொடுவதற்குள் சட்டி மூடி கடகடவென்று ஆடத் தொடங்கியது. சத்தம் கேட்டு ஜெயக்கொடி கோலப்பொடிக் கையோடு ஓடி வந்தாள்.

"யக்கா, கொதிக்குது பாரு. தண்ணி கொதிக்குதுக்கா." அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சீனித்தாய் எழுந்திருக்கவில்லை. "ஆறிப்போச்சு," என்றாள்.

அன்றைக்கு அவள் கை நெற்றியில் பட்டு எந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் இறங்கவில்லை, வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார்கள். சில நாளில் இட்லி பழையபடி வெந்தது. பூவாக இருக்கிறது, அதே கைப்பக்குவம் என்று வாடிக்கைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். சீனித்தாய் மனசு ஆறி வியாபாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள் என்று தெருவில் நல்லவிதமாகப் பேசிக்கொண்டார்கள், பிச்சுமணிகூட பஸ் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

முதல் ஈட்டை இறக்கியதும் அவள் கை தானாகப் போய் முதல் இட்லியை எடுத்து ஒரு வாழையிலைக் கிழிசலில் வைக்கும். வைத்துவிட்டு நிற்பாள். அதைக் கொண்டுபோக ஓர் இடமும் இல்லை. இலையில் அது எல்லா இட்லியையும் போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறும்.

"யக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, நாலு இட்லி கட்டு," என்று யாராவது கேட்பார்கள்.

அவள் அந்த இலையையே எடுத்து, அதன் மேல் இன்னும் மூன்றை வைத்துக் கட்டுவாள்.